'டார்கெட்ஸ்' படத்தில் போரிஸ் கார்லாஃப் நடித்தது தம் சொந்த முடிவையா?

பனையூர் வாசகன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இயக்குநர் பீட்டர் பொக்டனோவிச்சின் முதல் படமாகக் கருதப்படும் 'டார்கெட்ஸ்' (1968) படத்தை அண்மையில் பார்த்தேன். பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பைரன் ஓர்லாக் என்ற முதிய திகில்பட நடிகர், தம் புதிய படத்தைத் திரையிட்டுப் பார்த்த கையோடு, இனி நடிக்கப்போவதில்லை என்று தயாரிப்பாளரிடம் அறிவித்துவிடுகிறார். நாளிதழில் வரும் கொலைச் செய்திகளுக்கு முன்னால் தம்முடைய பேய்க்கோட்டைகளும் மெழுகு முகங்களும் யாரையும் அச்சுறுத்தப் போவதில்லை என்பது அவர் சொல்லும் காரணம். இதற்கு இணையாக, துப்பாக்கிகளின் மீது பற்றுக்கொண்ட பாபி தாம்ப்சன் என்ற இளைஞன், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் முதலில் தன் வீட்டாரையும் பிறகு முன்பின் அறியாதவர்களையும் சுட்டுக் கொல்லத் தொடங்குகிறான். காரில் அமர்ந்தபடியே படம் பார்க்கும் ஒரு திறந்தவெளி அரங்கில், ஓர்லாக் கடைசி முறையாக ரசிகர்கள் முன் தோன்றவிருக்கும் இரவில், இருவருடைய கதைகளும் சந்திக்கின்றன.

ஓர்லாக்காக நடித்திருப்பவர் போரிஸ் கார்லாஃப். 1931இல் வந்த 'ஃப்ராங்கன்ஸ்டைன்' படத்தின் அந்த உருவம்தான் எனக்கு அவரைப் பற்றித் தெரிந்த அனைத்தும். ஆகவே, கைத்தடியை ஊன்றிக்கொண்டு, கால்களை வலியோடு எடுத்து வைக்கும் அந்த எண்பது வயது மனிதரைப் பார்த்தபோது, நான் ஒரு நடிப்பைப் பார்க்கிறேனா அல்லது ஒரு விடைபெறலைப் பார்க்கிறேனா என்று எனக்கு விளங்கவில்லை. கார்லாஃப் உண்மையிலேயே இப்படத்தோடு ஓய்வு பெற்றாரா? ஓர்லாக்கின் கசப்பு அவருடைய சொந்தக் கசப்புதானா? கார்லாஃப் ஒரு தயாரிப்பாளருக்கு இரண்டு நாள் வேலை பாக்கி வைத்திருந்தார் என்பதற்காகவே இந்தப் படம் எடுக்கப்பட்டதாக ஒரு செய்தி உலவுகிறது. அது உண்மையா, அல்லது பிற்காலத்தில் புனையப்பட்ட சுவையான கதையா? டிராகுலாவாக நடித்த பேலா லுகோசியின் இறுதிக்காலம் எவ்வளவு துயரமானது என்பதை 'எட் வுட்' படத்தின் வழியாக ஓரளவு அறிவேன். திகில்பட நடிகர்கள் எல்லோருக்கும் முடிவு அப்படித்தான் அமைகிறதா என்பதையும், விவரமறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நிழற்கூடம்

நண்பரே, இரண்டு நாள் பாக்கி என்பது புனைகதை அன்று. பொக்டனோவிச்சே பல முறை விரிவாகச் சொல்லியிருக்கிறார். தயாரிப்பாளர் ராஜர் கோர்மன் சிக்கனத்துக்குப் பேர்போனவர் என்பதும், ஒரு படத்துக்காகப் போட்ட அரங்கு பிரிக்கப்படுவதற்குள் அதே அரங்கில் இன்னொரு படத்தின் காட்சிகளையும் எடுத்துவிடுவார் என்பதும் நீங்கள் அறிந்திருக்கலாம். 1963இல் வந்த 'தி டெரர்' அப்படி அவசரகதியில் உருவான ஒன்றுதான். அதில் கார்லாஃப் ஒரு முதிய பிரபுவாக நடித்தார், இளைஞரான ஜாக் நிக்கல்சன் கதாநாயகன். பின்னர், ஓர் ஒப்பந்தத்தின்படி கார்லாஃப் தமக்கு இன்னும் இரண்டு நாள் வேலை தரவேண்டியிருப்பதை அறிந்த கோர்மன், தம்மிடம் உதவியாளராக இருந்த பொக்டனோவிச்சை அழைத்து ஒரு கணக்குச் சொன்னார். அந்த இரண்டு நாளில் கார்லாஃபை வைத்து இருபது நிமிடம் எடுத்துக்கொள். 'தி டெரர்' படத்திலிருந்து இருபது நிமிடத்தை வெட்டிச் சேர்த்துக்கொள். மற்ற நடிகர்களை வைத்து நாற்பது நிமிடம் எடு. எண்பது நிமிடத்தில் கார்லாஃபின் புதிய படம் தயார். பழைய வீட்டு மரத்தைப் பிரித்துப் புது வீட்டுக்கு உத்தரம் போடுகிற கணக்கு இது.

இந்த நிபந்தனைகள் ஒவ்வொன்றும் படத்தின் கருவாகவே மாறியதுதான் எனக்குப் பெரும் வியப்பைத் தருகிறது. 'தி டெரர்' படத்துத் துண்டுகளை ஒரு நவீனக் கதைக்குள் எப்படிப் பொருத்துவது என்று தடுமாறிய பொக்டனோவிச், அத்துண்டுகளைத் திரையிட்டு முடித்து விளக்கு எரிந்ததும், அதில் நடித்தவரே இதைப் போல் மட்டமான படம் வேறில்லை என்று சொல்வதுபோல் விளையாட்டாகக் கற்பனை செய்தார். அந்த விளையாட்டிலிருந்துதான் பைரன் ஓர்லாக் பிறந்தார். இந்தக் கதாபாத்திரத்தின் பெயர்கூட 1922இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மானிய மௌனப் படத்தின் ஓர்லாக் பிரபுவிடமிருந்து பெறப்பட்டதே. இளைஞனின் பகுதிக்கு, 1966 ஆகஸ்ட் 1ஆம் நாள் டெக்ஸஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேலிருந்து சார்லஸ் விட்மன் நடத்திய துப்பாக்கிச்சூடு தூண்டுதலாக அமைந்தது; அவனும் முதலில் தன் தாயையும் மனைவியையும் கொன்றுவிட்டே அங்கு போனான். கதையைப் பொக்டனோவிச்சும் அவருடைய அப்போதைய மனைவி பாலி பிளாட்டும் சேர்ந்து அமைத்தார்கள். இயக்குநர் சாமுவேல் ஃபுல்லர் திரைக்கதையைச் செப்பனிடப் பெரிதும் உதவிவிட்டு, தம் பெயர் போடப்பட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார். அதற்கு நன்றியாகவே, படத்தில் பொக்டனோவிச் தாமே ஏற்று நடித்த இளம் இயக்குநருக்கு, ஃபுல்லரின் முதல் இரு பெயர்களைக் கொண்டு, சாமி மைக்கேல்ஸ் என்று பெயர் வைத்தார். படத்துக்கு ஆன மொத்தச் செலவு சுமார் 130,000 டாலர்தான்.

கார்லாஃப் திரைக்கதையைப் படித்துப் பிடித்துப்போய், இரண்டு நாளுக்குப் பதிலாக ஐந்து நாள் வேலை செய்தார். எம்ஃபிசிமா என்னும் நுரையீரல் நோயால் அவருக்கு மூச்சுவிடுவதே பாடாக இருந்த காலம் அது. கால்களில் உலோகத் தாங்கி அணிந்திருந்தார். ஓர்லாக்கின் கைத்தடி ஒப்பனைப் பொருள் அன்று என்பதை நீங்கள் சரியாகவே கவனித்திருக்கிறீர்கள்.

அந்த ஐந்து நாள்களில் எடுத்தவற்றுள் ஒரு காட்சியைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். திறந்தவெளி அரங்கில் தம்மிடம் கேட்கப்படவிருக்கும் அசட்டுக் கேள்விகளின் பட்டியலைக் கேட்டுச் சலித்துப்போன ஓர்லாக், அவற்றுக்குப் பதிலாக ஒரு கதை சொல்கிறேன் என்று தொடங்குகிறார். பாக்தாத் சந்தையில் மரணத்தைப் பார்த்து அஞ்சி சமாராவுக்குத் தப்பி ஓடும் வேலைக்காரனின் கதை அது. மரணம் அவனுக்காகக் காத்திருந்த இடமே சமாராதான். ஒளிப்பதிவாளர் லாஸ்லோ கோவாக்சின் கேமரா மேசையைச் சுற்றியிருப்பவர்களை விட்டு விலகி அந்த முதிய முகத்தை மெல்ல மெல்ல நெருங்குகிறது. இடையில் வெட்டே இல்லை. கார்லாஃப் அதை ஒரே ஓட்டத்தில் சொல்லி முடித்ததும் படப்பிடிப்புக் குழுவினர் கைதட்டினார்கள் என்று பொக்டனோவிச் நினைவுகூர்ந்திருக்கிறார். அரக்கு, பஞ்சு, பசை எதுவும் இல்லாத வெறும் முகத்தை இவ்வளவு நேரம் பார்க்கும் வாய்ப்பை கார்லாஃபின் படங்கள் நமக்கு அதிகம் தந்ததில்லை.

மேல்மாடி முத்தையா

நிழற்கூடம் அவர்கள் தந்த தயாரிப்பு விவரங்கள் சரியானவை. ஆனால் கேள்வியின் மையத்துக்கு, அதாவது ஓர்லாக்கும் கார்லாஃபும் ஒருவரே தானா என்பதற்கு, நான் அழுத்தமாக இல்லை என்றே சொல்வேன். உடம்பும் குரலும் நடையும் கார்லாஃபுடையவை. முடிவு மட்டும் அவருடையது அன்று. ஓர்லாக் நடிப்பை விட்டு விலக ஏங்குகிறவர். கார்லாஃபோ நடிப்பை விடச் சொன்ன மருத்துவர்களுக்கே செவிசாய்க்காதவர். வேலையில் இருக்கும்போதே சாகவேண்டும் என்ற விருப்பத்தை மறைக்காதவர்.

அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் இதற்குக் காரணம் விளங்கும். வில்லியம் ஹென்றி பிராட் என்ற இயற்பெயருடன் 1887இல் லண்டனில் பிறந்தவர். தந்தை பிரிட்டிஷ் இந்தியாவின் உப்பு வரித் துறையில் அதிகாரியாக இருந்தவர். தந்தைவழி, தாய்வழி இரண்டிலும் இந்திய இரத்தக் கலப்பு உண்டு என்பதைக் குடும்பத்தார் பேச விரும்பியதில்லை. (அவருடைய மாநிறம் காரணமாகவே தொடக்ககால ஹாலிவுட் அவருக்குக் கீழைநாட்டு வில்லன் வேடங்களை வாரி வழங்கியது என்பது தனியாக எழுதப்பட வேண்டிய கதை.) அரசுப் பணிக்குப் போகவேண்டிய பையன் 1909இல் கனடாவுக்குக் கப்பலேறி, அங்கே ஊர்ஊராகச் சுற்றும் நாடகக் குழுக்களில் சேர்ந்தார். பிறகு ஹாலிவுட்டில் சில்லறை வேடங்களும், வேடம் கிடைக்காத நாள்களில் லாரி ஓட்டுவதுமாகக் காலம் தள்ளினார். இயக்குநர் ஜேம்ஸ் வேல் அவரை 'ஃப்ராங்கன்ஸ்டைன்' படத்துக்கு அழைத்தபோது அவருக்கு வயது 43. அதற்குள் எண்பதுக்கும் குறையாத படங்களில் முகம் காட்டியிருந்தும் அவரை யாருக்கும் தெரியாது. அப்படத்தின் தொடக்கப் பெயர்ப்பட்டியலில்கூட அரக்கனாக நடித்தவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறிதான் இருந்தது. இருபதாண்டுக் காத்திருப்புக்குப் பின் வேலை கிடைத்த ஒருவர் அந்த வேலையைச் சலிப்போடு துறப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

ஓர்லாக் தம் படங்களைக் குறித்து வெட்கப்படுகிறார். கார்லாஃப் அப்படி வெட்கப்பட்டதாகச் சான்று இல்லை. அந்த அரக்கனைத் தமக்கு வாய்த்த மிகச் சிறந்த நண்பன் என்றே கடைசிவரை சொல்லிவந்தார். அந்த நண்பன் அவருக்கு முதுகுவலியையும் சேர்த்தே தந்தான் என்பதையும் சொல்லவேண்டும். ஜாக் பியர்ஸின் ஒப்பனைக்காக நாள்தோறும் நான்கு மணி நேரம் அசையாமல் அமர்ந்துவிட்டு, கனத்த காலணிகளோடு, கதாநாயகன் காலின் கிளைவைத் தூக்கிக்கொண்டு மலைச்சரிவில் திரும்பத் திரும்ப ஏற வைத்ததன் விளைவை அவர் ஆயுள் முழுவதும் சுமந்தார். அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாகவே, 1933இல் திரைநடிகர் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் உறுப்பினர்களில் ஒருவராகச் சேர்ந்தார். அரங்குகளில் சக நடிகர்களிடம் ஓசைப்படாமல் உறுப்பினர் படிவம் நீட்டுகிறவராகவும் இருந்தார். நடிப்பைப் புனிதமாகவும் கருதாமல், இழிவாகவும் கருதாமல், கூலி பேசிச் செய்யவேண்டிய நேர்மையான தொழிலாகக் கருதிய மனிதர் அவர்.

ஆகவே 'டார்கெட்ஸ்' அவருடைய கடைசிப் படம் என்று பலர் எழுதுவதும் தவறு. 1968இன் தொடக்கத்தில் 'கர்ஸ் ஆஃப் தி கிரிம்சன் ஆல்டர்' என்ற பிரிட்டிஷ் படத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி கிறிஸ்டோபர் லீயோடு நடித்தார். அடுத்து ஒரு மெக்சிகோ தயாரிப்பாளருக்காக ஒரே மூச்சில் நான்கு படங்களுக்கு ஒப்புக்கொண்டார். மெக்சிகோ நகரம் கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பதால் அவருடைய நுரையீரல் அந்தக் காற்றைத் தாங்காது என்று, அவர் நடிக்கும் காட்சிகளை மட்டும் லாஸ் ஏஞ்சலஸில் ஜாக் ஹில் என்ற இயக்குநரைக் கொண்டு எடுத்து, எஞ்சியவற்றை மெக்சிகோவில் எடுத்து ஒட்டினார்கள். 1969 பிப்ரவரி 2ஆம் நாள் இங்கிலாந்தில் சசெக்ஸ் வட்டாரத்தில் உள்ள மிட்ஹர்ஸ்ட் மருத்துவமனை ஒன்றில், 81ஆம் வயதில் அவர் இறந்தார். அந்த நான்கு படங்களும் அதன் பிறகே திரைக்கு வந்தன.

பனையூர் வாசகன்

இருவருக்கும் மிக்க நன்றி. மேல்மாடி முத்தையா அவர்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ஏற்கும்போதே ஒரு நெருடல் எழுகிறது. மூச்சுவிடவே இயலாத ஒரு முதியவரின் பெயரைச் சுவரொட்டியில் போடவேண்டும் என்பதற்காக அவரை நாற்காலியில் உட்காரவைத்துச் சில நாள்களில் நான்கு படங்களுக்கான காட்சிகளை எடுத்துக்கொள்வதை எப்படிப் பார்ப்பது? அவர் விரும்பியே செய்தார் என்பது மட்டும் போதுமா? லுகோசிக்கு நடந்ததிலிருந்து இது எவ்வகையில் வேறுபட்டது என்றும் யாரேனும் விளக்க வேண்டும்.

சலனம்

வேறுபாடு இருக்கிறது, ஆனால் அது தயாரிப்பாளர்களின் மனத்தில் இல்லை, இரு நடிகர்களின் நிலைமையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

பேலா லுகோசி கார்லாஃபைவிட ஐந்து வயது மூத்தவர். அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் பிறந்து, ஹங்கேரிய மேடையில் பெயர் பெற்று, 1927இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் டிராகுலாவாக நின்று, 1931இல் அதையே திரையிலும் செய்து, ஒரே ஆண்டில் உலகப் புகழ் அடைந்தவர். அந்தப் புகழே அவருக்குச் சிறையாயிற்று. ஆங்கிலத்தை அவர் பேசிய விதம் டிராகுலாவுக்கு எவ்வளவு பொருந்தியதோ, அதே அளவுக்கு வேறு எந்த வேடத்துக்கும் தடையாக நின்றது. கார்லாஃபுக்கு அந்தத் தடை இல்லை. 1941இல் பிராட்வேயின் 'ஆர்செனிக் அண்ட் ஓல்ட் லேஸ்' நாடகத்தில், பார்ப்பதற்கு போரிஸ் கார்லாஃபைப் போல் இருக்கிறாய் என்று பிறர் சொன்னால் சினந்து கொலை செய்யும் பாத்திரத்தை போரிஸ் கார்லாஃபே ஏற்று, தம் பிம்பத்தைத் தாமே கேலி செய்து அரங்கைச் சிரிக்க வைத்தார். வானொலி, தொலைக்காட்சி, குழந்தைகளுக்கான கதை ஒலித்தட்டுகள் என்று அவருக்கு வழிகள் திறந்துகொண்டே இருந்தன. 1966இல் வந்த 'கிரிஞ்ச்' கார்ட்டூனில் கதை சொல்லும் குரலும் அவருடையதே, அதன் ஒலித்தட்டுக்கு கிராமி விருதும் கிடைத்தது. 1945இல் 'தி பாடி ஸ்னாட்சர்' படத்தில் இருவரும் கடைசியாகச் சேர்ந்து நடித்தபோது நிலைமை முழுவதும் தெளிவாகிவிட்டது: படத்தைத் தாங்கும் வேடம் கார்லாஃபுக்கு, அவர் கையால் மூச்சுத்திணறிச் சாகும் எடுபிடி வேடம் லுகோசிக்கு.

1955இல் லுகோசி தம் போதைமருந்துப் பழக்கத்திலிருந்து மீள்வதற்காகத் தாமே அரசு மருத்துவமனையில் சேர்ந்தார். நரம்புவலிக்காகத் தொடங்கிய மார்ஃபின்தான் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. அந்தக் காலத்தில் ஒரு திரைநட்சத்திரம் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது சாதாரணத் துணிவு அன்று. வெளியே வந்தவருக்கு, மலிவுப் படங்கள் எடுத்த எட் வுட் போன்றோரைத் தவிர வேலை தர ஆளில்லை. 1956 ஆகஸ்டில் அவர் இறந்த பிறகு, எட் வுட் தம்மிடம் இருந்த சில நிமிடத் துண்டுகளைக் கொண்டு 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' படத்தை உருவாக்கினார்; துண்டுகள் போதாத இடங்களுக்கு, தம் மனைவிக்குத் தெரிந்த எலும்பு-மூட்டு வைத்தியர் ஒருவரை, மேலங்கியால் முகத்தை மறைத்துக்கொண்டு நடமாட வைத்தார். அவர் லுகோசியைவிட உயரமானவர் என்பது திரையில் அப்பட்டமாகத் தெரியும். நீங்கள் பார்த்த 'எட் வுட்' (1994) படத்தில் லுகோசியாக நடித்த மார்ட்டின் லாண்டாவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் அதில் லுகோசி கார்லாஃபை வசைமாரி பொழிவதாக வரும் காட்சிகளை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லுகோசியின் மகனே அச்சித்திரிப்பை மறுத்திருக்கிறார்.

நீங்கள் கேட்ட நெருடலுக்கு வருகிறேன். கார்லாஃபின் மெக்சிகோ படங்கள் மட்டமானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. அவருடைய பெயரை விற்கவே அவை எடுக்கப்பட்டன. ஆயினும் அவர் பேசிய கூலியை வாங்கிக்கொண்டு, தம் வசனங்களைத் தாமே பேசி, தம் பங்கை முடித்துக்கொடுத்தார். லுகோசியிடம் பேரம் பேசும் வலிமை எஞ்சியிருக்கவில்லை. என்னைக் கேட்டால், திகில்பட நடிகர்களுக்கு மட்டுமே உரிய அவலம் முதுமையில் இல்லை. இறந்த பிறகும் அவர்களை விட்டுவைக்காததில்தான் இருக்கிறது. பிரிட்டிஷ் திகில்பட நடிகர் பீட்டர் குஷிங் 1994இல் இறந்தார். 22 ஆண்டுகள் கழித்து, 2016இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' வரிசைப் படமான 'ரோக் ஒன்'னில், வேறொரு நடிகரின் உடம்பின்மேல் கணினியால் அவருடைய முகத்தைப் பொருத்தி, 1977இல் அவர் ஏற்ற தார்கின் வேடத்தைத் திரும்ப நடிக்க வைத்தார்கள். வாரிசுகளின் அனுமதி பெறப்பட்டது என்பது உண்மையே. எட் வுட்டின் மேலங்கிக்கும் இந்தக் கணினி முகத்துக்கும் இடையே செலவுக் கணக்கில்தான் எனக்குப் பெரிய வேறுபாடு தெரிகிறது.

நிழற்கூடம்

சலனம் அவர்கள் சொன்ன கடைசிக் கருத்து கடுமையானது. குஷிங்கின் விஷயத்தில் அதில் பாதியைத்தான் ஏற்பேன், ஏனெனில் அங்கே செய்தவர்களிடம் மதிப்பும் இருந்தது. அதை விட்டுவிட்டு, இதுவரை யாரும் தொடாத இறுதிக்காட்சியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். படத்தை இன்னும் பார்க்காதவர்கள் இப்பதிவைத் தாண்டிச் செல்லலாம்.

திரையின் பின்புறச் சாரத்தில் ஒளிந்துகொண்டு, ஒரு துளை வழியாகக் கார்களில் இருப்பவர்களைச் சுட்டுக்கொண்டிருந்த பாபி, கடைசியில் கீழே இறங்கி ஓர் மூலையில் ஒடுங்குகிறான். திரையில் 'தி டெரர்' படத்து கார்லாஃப் அவனை நோக்கி நடந்து வருகிறார். தரையிலோ மாலைநேர உடையணிந்த ஓர்லாக் கைத்தடியோடு அவனை நோக்கி நடந்து வருகிறார். எது நிழல், எது ஆள் என்று புரியாமல் அவன் இரண்டையும் மாறிமாறிச் சுடுகிறான். குண்டு உரசிச் சென்ற பின்னும் ஓர்லாக் நிற்கவில்லை. கைத்தடியால் துப்பாக்கியைத் தட்டிவிட்டு, அவன் கன்னத்தில் அறைந்துவிட்டு, இதற்கா நான் அஞ்சினேன் என்று கேட்கிறார். படத்தின் செலவுச் சிக்கனத்துக்காகச் சேர்க்கப்பட்ட பழைய துண்டு, படத்தின் உச்சக்கட்டத்தில் இல்லாமல் முடியாத ஒன்றாக ஆகிவிடுவதைக் கவனியுங்கள். இப்படத்தில் தனியாகப் பின்னணி இசை கிடையாது. வானொலிகளிலிருந்தும், திரையில் ஓடும் படத்திலிருந்தும் வரும் ஒலிகளே உண்டு. ஆகவே கன்னத்தில் விழும் அந்த அறையின் ஓசை உறைக்கிறது.

எனக்கு இருக்கும் குறை வேறு. தம்முடைய வகைத் திகில் செத்துவிட்டது என்று ஓர்லாக் சொல்வதைப் படமும் பெரிதும் ஆமோதிக்கிறது. மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரலிலும் ராபர்ட் கென்னடி ஜூனிலும் சுட்டுக் கொல்லப்பட்ட அதே 1968இன் ஆகஸ்டில் படம் வெளியானதால், பார்த்தவர்களுக்கும் அது சரியென்றே பட்டிருக்கும். படத்தை வெளியிட்ட பாரமவுண்ட் நிறுவனம் துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டும் என்ற குறிப்பு ஒன்றையும் படத்தின் முன்னால் சேர்த்தது. ஆனால் அதே ஆண்டின் ஜூனில் 'ரோஸ்மேரிஸ் பேபி' வந்தது. அக்டோபரில் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' வந்தது. கோட்டையும் சவப்பெட்டியும் இல்லாமல், அடுக்குமாடி வீட்டிலும் பண்ணைவீட்டிலும் திகிலை நிறுத்திக்காட்டிய படங்கள் அவை. பாபி தாம்ப்சனின் ஒழுங்கான, வெளிச்சமான, யாரும் யாரிடமும் மனம்விட்டுப் பேசாத வீட்டைக் காட்டும் காட்சிகளில் பொக்டனோவிச்சும் அதையேதான் செய்திருக்கிறார். திகில் வகை செத்துவிட்டது என்று அறிவித்துக்கொண்டே, அந்த வகையின் அடுத்த கட்டத்தை எடுத்து வைத்திருக்கிறார் என்பதே என் எண்ணம்.

மேல்மாடி முத்தையா

இந்தக் குறை நியாயமானதே. எனினும் ஓர்லாக்கின் வாதத்தைப் படம் முழுமையாக ஆமோதிக்கிறது என்று சொல்லமாட்டேன். குடித்துவிட்டுத் தூங்கி எழுந்த காலையில் சாமி மைக்கேல்ஸ் கண்விழித்து, பக்கத்தில் கிடக்கும் ஓர்லாக்கின் முகத்தைப் பார்த்து அலறுகிறான். சற்று நேரத்தில் ஓர்லாக்கே கண்ணாடியில் தம்மைப் பார்த்துத் துணுக்குறுகிறார். அந்த முகத்துக்கு இன்னும் அச்சுறுத்தத் தெரியும் என்பதைப் படம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறது. அதற்கு முந்தைய இரவில் இருவரும் தொலைக்காட்சியில் பார்க்கும் 'தி கிரிமினல் கோட்' (1931), கார்லாஃபுக்கு முதன்முதலாகக் கவனம் பெற்றுத்தந்த ஹோவர்ட் ஹாக்ஸின் படம். ஓய்வை அறிவித்த நடிகர் தம் பழைய படத்திலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் அமர்ந்திருக்கிறார்.

பனையூர் வாசகன்

நான் கேட்டதற்கும் மேலாகவே கிடைத்துவிட்டது. அனைவருக்கும் நன்றி. கார்லாஃபின் இறுதிக் காலப் படங்களில் 'டார்கெட்ஸ்' தவிர வேறு எதைப் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

சலனம்

'தி சோர்ஸரர்ஸ்' (1967) படத்தைப் பாருங்கள். மைக்கேல் ரீவ்ஸ் என்ற மிக இளம் இயக்குநர் லண்டனில் எடுத்தது. வறுமையில் வாடும் முதிய மனோவசியக்காரராக கார்லாஃப் நடித்திருக்கிறார். அவரும் அவருடைய மனைவியும் ஓர் இளைஞனின் மனத்தைத் தம் வசப்படுத்தி, அவன் அனுபவிப்பதையெல்லாம் தாங்களும் வீட்டில் இருந்தபடியே அனுபவிக்கிறார்கள். மனைவியாக வரும் கேத்தரின் லேசி அவரையும் மிஞ்சிவிடுகிறார். அதற்கு முன் 'தி பாடி ஸ்னாட்சர்' பார்க்கவில்லையென்றால் அதிலிருந்தே தொடங்குங்கள். அது இறுதிக்காலப் படம் அன்று, ஆனால் அவர் எதை இழக்காமல் எண்பது வயதுவரை கொண்டுவந்தார் என்பது அதைப் பார்த்தால்தான் தெரியும். மெக்சிகோ படங்களில் ஒன்றுக்கு மேல் பார்க்கத் தேவையில்லை.